குடித்துப் பார்க்காமல் தூள் கேட்டவன்

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று பலர் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். நடுவட்டம் ரோட்டோரத்தில் என் தூள் கடையை மட்டும் நான் மூடவில்லை. ஃபேக்டரியில் கடனுக்கு எடுத்த ஆறு மூட்டைத் தூள் உள்ளே கிடந்தது. அது கைவிட்டுப் போனால் கடையும் போய்விடும்.

ஒருநாள் காலையில் போனில் ஒருவன் ஆறு மூட்டையையும் கேட்டான். கார்டு நம்பரைச் சொன்னான். மருமகள் மெஷினில் அடித்தாள். சீட்டு வந்துவிட்டது.

"அத்தை, பணம் ஏறிருச்சுங்க! மூட்டையக் கட்டீரலாமுங்களா?"

"என்ன ரகம் கேட்டான்?"

"எதுன்னாலும் சரின்னாருங்க. வெல கூடப் பேசலீங்க."

அங்கேதான் எனக்கு உறுத்தியது. மூட்டையாக எடுப்பவர் எவரும் என் கடையில் ஒரு டம்ளர் போட்டுக் குடித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. குடித்துவிட்டு, சாயம் போதாது, மணம் இல்லை என்று முகத்தைச் சுளிப்பார்கள். விலையை அடிக்கத்தான். தூள் விலை போகாமல் சீப்பட்ட அந்த நாளில் குறை சொல்லாத வியாபாரி எங்கிருந்து வந்தான்?

"மெஷினே சரின்னுருச்சேங்க அத்தை."

"மெஷினு டீ குடிக்குமா கண்ணு? அந்தச் சீட்டை ரத்து பண்ணு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த ஒரே வியாபாரத்தையும் கிழவி விரட்டுகிறாள் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் ரத்து செய்தாள்.

மத்தியானம் ஊட்டியிலிருந்து வாடகை ஜீப் ஒன்று வந்து நின்றது. டிரைவரும் அந்த ஆளைப் பார்த்ததில்லையாம். மூட்டைகளைக் கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கச் சொல்லிப் போனில் பேசினானாம். அவர் மூட்டையில் கை வைக்கப் போனார். நான் குறுக்கே நின்றுகொண்டேன். அதற்குள் போன் அடித்தது.

"ஏம்மா, பணம் கட்டியாச்சுல்ல? சரக்கை ஏத்தி விடு. இல்லாட்டி போலீசுக்குப் போவேன்."

"போங்க சாமி. அவங்களையும் கூட்டிட்டே வாங்க. கார்டைக் கையில கொண்டாங்க, என் கண்ணு முன்னால கையெழுத்துப் போடுங்க, தூக்கிட்டுப் போங்க."

"வயசான காலத்துல உனக்கு எதுக்கு வம்பு?"

"வம்பு எனக்குப் பழக்கந்தான். நீங்க வாங்க."

அவன் வைத்துவிட்டான்.

"என்ற வாடகையும் போச்சுங்கம்மா," என்று டிரைவர் தலையைச் சொறிந்தார். டீசலுக்குக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு பேங்கிலிருந்து விசாரித்தார்கள். அந்த நம்பர் வேறு யாருடையதோ, திருடியதாம். சரக்கை அனுப்பியிருந்தால் அந்தப் பணத்தை எங்களிடமிருந்தே திரும்பப் பிடித்திருப்பார்களாம். மருமகள் அதை மெதுவான குரலில் சொன்னாள்.

ஆறு மூட்டையும் கிலோ கிலோவாகத்தான் விற்றது. ஃபேக்டரிக்காரர் கடனைக் கேட்டு வந்தபோது மிச்சமிருந்த மூட்டைகளைக் காட்டி, "திருடனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு உங்க முன்னால நிக்கலீங்க. விக்க விக்கத் தர்றேன்," என்றேன். அப்படியே கட்டி முடித்தேன்.

அன்றிலிருந்து போனில் யார் கார்டு நம்பர் சொன்னாலும், கார்டோடு நேரில் வாருங்கள் என்பதுதான் என் பதில். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும்.