ஒன்றாம் எண் சட்டை

அந்தத் தலைக்கவசத்துக்குள் முகத்தை நுழைத்ததும் முதலில் வருவது நாற்றம்தான். ஊறிப்போன பஞ்சு, துருப்பிடித்த கம்பி, யார் யார் தலையிலிருந்தோ ஒட்டிய தேங்காயெண்ணெய், எனக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நின்ற அத்தனை பேருடைய வேர்வை, எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக மூக்கில் ஏறும். இப்போதும் மழைக்காலத்தில் சரியாகக் காயாத துணி மூட்டையைப் பிரித்தால் அந்த வாடை வந்து, மூட்டையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் போய்விடுகிறேன். நாற்பதை நெருங்குகிற பெண்ணுக்கு ஈரத்துணியைக் கண்டு பயமா என்று சிரிக்காதீர்கள், முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஓசூரில் நான் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தபோது, நெடுஞ்சாலையில் பெங்களூர் லாரிகளுக்கு நடுவே மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெண்கள் ஹாக்கி அணிக்கு "கீப்பர் செட்டு" என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு: கம்பி வைத்த தலைக்கவசம், மெத்தை மாதிரி இரண்டு கால் பேடு, மார்புக்கு ஒரு கவசம், அதன்மேல் போட மஞ்சள் சட்டை, சட்டை முதுகில் ஒன்று என்ற எண். கவசமும் பேடும் எங்கள் மண் மைதானத்துக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. பனிக்கட்டியில் சறுக்கிக்கொண்டே ஆடுகிற ஐஸ் ஹாக்கிக்காகச் செய்தவை. பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், தன் கல்லூரி நாளில் அந்த ஆட்டம் ஆடியவர், ஊருக்குத் திரும்பும்போது இதையெல்லாம் மூட்டையாகக் கட்டி எங்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

மூட்டையோடு ஒரு வழக்கத்தையும் விட்டுப்போனார். அவர் நாட்டில் ஒவ்வொரு வருடமும் ஆட்டக்காலம் முடிந்ததும், எல்லாக் கல்லூரி அணிகளிலிருந்தும் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கிப் பெயர் அறிவிப்பார்களாம், அதில் பெயர் வருவது கோப்பையைவிடப் பெரிதாம். அதைக் கேட்டு மயங்கிய எங்கள் ஊர் விளையாட்டு கிளப், தான் நடத்தும் கல்லூரிப் போட்டிக்கும் அப்படி ஒரு பட்டியல் போட ஆரம்பித்தது. முதல் வருடம் ஆறே பேர். ஏனென்றால் ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்கு ஆறு பேர்தான், அந்த வெளிநாட்டுத் துரை சொன்னதை அப்படியே செய்துவிட்டார்கள். மீதி ஐந்து இடத்துக்காரர்கள் மேடைக்கு முன்னால் மண்ணை வாரித் தூற்றாத குறை. அடுத்த வருடம் பதினொன்றாக்கினார்கள். பயிற்சியாளர்கள் கூடித் தேர்ந்தெடுத்தபோது அவரவர் பிள்ளைகளுக்காக அடித்துக்கொண்டதால், அந்த வேலையை அணித் தலைவர்களிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு தலைவரும் தன் அணியை விட்டுவிட்டு மற்ற அணிகளிலிருந்து பதினோரு பேரைச் சீட்டில் எழுத வேண்டும். கோலார் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தருமபுரிப் பிள்ளைகளின் பெயர் தெரியாது, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கிடந்த அந்த மைதானத்தில் பெயர் கேட்டு எழுத யாருக்கும் பொறுமையும் இல்லை. ஆகவே கல்லூரியையும் சட்டை எண்ணையும் மட்டும் எழுதினார்கள். கிளப் செயலாளர் எண்ணுக்குரிய பெயரை அணிப் பட்டியலில் பார்த்து மேடையில் வாசிப்பார், பிறகு கிளப் வராந்தாவில் மாட்டிய நீலத் தகரப் பலகையில் பெயிண்டர் அதை எழுதுவார். ஊர் வாயில் அதற்கு "லிஸ்ட்டு" என்று பெயர். பெண்களுக்கும் லிஸ்ட்டு போட ஆரம்பித்து நான் சேர்ந்த வருடம் மூன்றாவது வருடம்.

எங்கள் கீப்பர் மஞ்சுளா. அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் மலையில் மாடும் கேழ்வரகுமாக இருந்த வீட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கி இரண்டாமாண்டு படித்தவள். பந்து வந்தால் அதைப் பார்த்து ஒரு அடி முன்னால் வைப்பாள். நான் மாற்றுக் கீப்பர், அதாவது பேருக்கு. என் அப்பா கோவில்பட்டிக்காரர். அந்த ஊரில் பிறந்தவருக்கு ஹாக்கி என்றால் உயிர். வேலைக்காக ஓசூர் வந்து மூன்று ஷிப்டிலும் மாறி மாறித் தேய்ந்தவர், தான் ஆட முடியாததை நான் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டார். நானோ பயந்தாங்கொள்ளி. கோலுக்கு முன்னால் போட்ட "டி" வளையத்துக்குள் பந்து நுழைந்தாலே என் கண் தானாக மூடிக்கொள்ளும். "தாயி, பந்து என்ன கடிக்கவா போவுது?" என்பார் அப்பா. கடிக்கும் என்றே நான் நம்பினேன்.

அந்த வருடம் மஞ்சுளாவுக்கு லிஸ்ட்டு வெறும் பெருமை இல்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். படிப்பு போதும் என்று கூட்டிக்கொண்டு போக வந்த அவள் அப்பாவிடம் அழுது மன்றாடி ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். "லிஸ்ட்டுல உன் பேரு வந்துச்சுன்னா படிச்சு முடி. இல்லீன்னா அன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டு வந்துரோணும்." விடுதி முழுக்க இது தெரியும். எனக்கும் தெரியும். அது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன்!

சனிக்கிழமை அரையிறுதி. மஞ்சுளா அன்று ஆடியதை என்னால் எழுத முடியாது, எதிரணிப் பிள்ளைகளே கடைசியில் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு பந்து அவள் கட்டைவிரலை நசுக்கியது. அப்படியே நின்று ஆட்டத்தை முடித்தாள். அன்று மாலையே தலைவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற அணிகளின் எல்லாச் சீட்டிலும் எங்கள் கல்லூரி ஒன்றாம் எண் இருந்தது என்று மறுநாள் காலையிலேயே மைதானத்தில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். மஞ்சுளாவின் விரல் வீங்கி உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது, நான்தான் நிற்க வேண்டும். போட்டி விதிப்படி ஒரு எண்ணை ஒருத்திதான் கடைசிவரை போடலாம், மாற்றுக் கீப்பருக்கு வேறு எண் சட்டை வேண்டும். எங்களிடம் ஏது? இருந்தது ஒரே மஞ்சள் சட்டை. பி.டி. மேடம் யாரும் பார்க்காதபடி அன்றைய அணிப் பட்டியலில் ஒன்றாம் எண்ணுக்கு நேரே மாரீஸ்வரி என்று என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். செயலாளரும் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

எனக்குக் கால் பேடுகளைக் கட்டிவிட்டவள் மஞ்சுளாதான், நல்ல கையாலும் பல்லாலும். உனக்குப் பயமே கிடையாதாக்கா என்று கேட்டேன்.

"ஆரு சொன்னா? எனக்கும் வயித்தக் கலக்கும் புள்ள. நான் கண்ணத் தொறந்துக்கிட்டு பயப்படுவேன், நீ மூடிக்கிட்டு பயப்படற. அவ்வளவுதான்."

நான் மூடிக்கொண்டே பயந்தேன். நான்கு கோல். ஒவ்வொன்றும் உள்ளே போன சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

பரிசளிப்பு தொடங்கும் நேரத்தில்தான் என் அப்பா ஷிப்டு முடிந்து யூனிபார்மோடு ஓடி வந்தார். மஞ்சுளாவின் அப்பாவும் அப்போதுதான் வந்து சேர்ந்தார், அஞ்செட்டி பஸ்ஸை நம்பி யார் நேரத்துக்கு வர முடியும்? தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் பின்னால் மகளோடு நின்றார். நான்கு கோலை இருவருமே பார்க்கவில்லை.

செயலாளர் லிஸ்ட்டைப் பிரித்தார். லிஸ்ட்டு எப்போதும் கோல்கீப்பரிலிருந்துதான் தொடங்கும். எங்கள் கல்லூரியின் பெயரைச் சொன்னார், ஒன்றாம் எண் என்றார், அவர் கையில் இருந்தது அன்றைய தாள் என்று எனக்கு அந்த நொடியில் உறைத்தது. மாரீஸ்வரி என்று வாசித்தார்.

எந்தப் பந்துக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. என் கையைக் கிள்ளி, "வாயத் தெறந்தீன்னா ஒரு சட்டைய ரெண்டு பேரு போட்டது வெளிய வந்துரும். காலேஜையே தள்ளி வெச்சுருவாங்க. இப்பப் போய் வாங்கிக்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கூட்டத்தில் அப்பா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். அவர் அழுததை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கால் தானாக நடந்தது. மைக் என் வாய்க்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மஞ்சுளாவும் தட்டினாள், நல்ல கையால் தொடையில். சீட்டில் எழுதுவது எண்ணைத்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவளும் வாய் திறக்கவில்லை. மேடம் சொன்ன அதே பயம் அவளுக்கும் இருந்திருக்கலாம். என்னை நம்பிக் காத்திருந்தாளோ என்பதுதான் என்னைத் தின்கிற கேள்வி. கூட்டம் கலைந்ததும் அவள் அப்பா என்னிடம் வந்தார். மனிதர் முகத்தில் துளி வருத்தம் இல்லை, வாக்கு வாக்குதானே அவருக்கு. "ரொம்ப நல்லா ஆடுனியாமா கண்ணு. எம்புள்ளைக்கு அந்தளவுக்கு வரல போல. நீ நல்லா இரு" என்று தலையில் கை வைத்தார். அந்தக் கை காய்ப்புக் காய்த்து முரடாக இருந்தது. மறுநாள் மஞ்சுளாவின் கட்டில் காலி.

மேடத்தின் "அப்புறம்" வரவே இல்லை. அப்பாவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வாயெடுத்தேன். நான்கு கோல் விழுந்த சங்கதி அவர் காதுக்கும் வந்தது, அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: "நாலு போச்சுன்னா நாப்பத நிறுத்திருப்பா எம்மக." சான்றிதழைக் கண்ணாடி போட்டு, டி.வி.க்கு மேலே, சாமி படங்களுக்குச் சரிசமமாக மாட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கிளப்புக்குக் கூட்டிப்போய்ப் பலகையில் என் பெயரை விரலால் தொட்டுக் காட்டுவார், யாராவது சட்டைக் கதையைச் சொல்லிவிடுவார்களோ என்று நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே நிற்பேன். அஞ்செட்டி என்று பலகை வைத்த பஸ் வந்தால் கடைக்குள் நுழைந்துகொள்வேன். பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனபோது அந்தச் சான்றிதழைத்தான் நீட்டினேன். இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார், தெரியாமலேயே. காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் மைதானத்துப் பக்கம் போனேன். பெயிண்டரைக் கூட்டிவந்து என் பெயரை அழித்து அவள் பெயரை எழுதச் சொல்லலாம், இனி யாருக்காகப் பயப்பட வேண்டும் என்று ஒரு துணிச்சல். மைதானம் இல்லை. கார் விற்கும் ஷோரூம் ஒன்று கண்ணாடியாகப் பளபளத்தது. கிளப்பும் வராந்தாவும் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். பலகை எங்கே என்று கேட்டதற்கு, "எந்தப் பலகைம்மா?" என்றார் காவலாளி. தகரம்தானே, பழைய இரும்புக்குப் போயிருக்கும். அதைக் கேட்டு எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, அப்பாடா என்ற நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டுதான் எனக்கு அதிகம் பயமாகிவிட்டது.

மஞ்சுளா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தேடத் தெரியாமல் இல்லை, தைரியம் இல்லை. இதை எழுதும்போதும் பயம்தான், என் அலுவலகத்தில் யாராவது படிப்பார்கள். படிக்கட்டும். அன்று நான் மைக்கில் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் பாக்கியிருக்கிறது, கண்ணைத் திறந்துகொண்டே சொல்லிவிடுகிறேன். அந்த வருடத்து லிஸ்ட்டில், எங்கள் கல்லூரி, ஒன்றாம் எண், கோல்கீப்பர்: அஞ்செட்டி மஞ்சுளா.