மூத்திரப் பை வேஷம்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சம். அப்படிப்பட்டவள் இங்கே எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். இரண்டு வருடமாகியும் கோபம் தணியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்போது என் மகள் ராஜபாளையத்தில் ஏழாவது படித்தாள். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வார்டு கழுவுவது, நோயாளிகளின் கட்டிலில் தொங்கும் மூத்திரப் பையைக் காலி செய்வது எல்லாம் நான்தான். ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, முன் சீட்டில் இருந்த எங்கள் தெருக்காரி பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாளைக்கு ஸ்கூல்ல அறிவியல் பாடத்த நாடகமா போடுதாவளாம். எம் மவதான் இதயம். ஒம் மவ மூத்திரப் பையாம்லா! ஆத்தா பாக்குற வேலைக்குப் பொருத்தமாத்தான் டீச்சர் வேசம் குடுத்திருக்காவ."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறவர்களை எத்தனையோ வருடம் பொறுத்திருக்கிறேன். அதை என் பிள்ளை தலையிலும் கட்டுவதா? வீட்டுக்குப் போகவில்லை. நேரே பள்ளிக்கூடம் போனேன்.

மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய மனித உருவம் வரைந்திருந்தார்கள். இதயம், நுரையீரல் என்று பிள்ளைகள் அதனதன் இடத்தில் நின்று ஒத்திகை பார்த்தார்கள். என் மகள் மஞ்சள் துணிப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பிடித்து இழுத்தேன். தையல் பிரிந்து கிழிந்தது.

"ஏட்டி, எந்திரி! ஏன் டீச்சர், இந்த வேசத்துக்கு வேற பிள்ளையே கெடைக்கலையா? என் வேல இதுன்னா எம் பிள்ளைக்கும் இதுதானா?"

என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

டீச்சர் சின்ன வயசு. மிரண்டுபோய்விட்டார். "அக்கா, நான் குடுக்கல. யாருமே வேண்டாம்னு சொன்ன வேசம். அவளாத்தான் கை தூக்கிக் கேட்டா. வசனமும் அவளே எழுதினது" என்று நோட்டை நீட்டினார்.

என் மகள் கையெழுத்து. "இதயமே, ரொம்பப் பீத்தாதே. ஆப்பரேஷன் முடிஞ்சதும் டாக்டர் வந்து என்னையும் எட்டிப் பாப்பாரு. நான் நெறைய ஆரம்பிச்சாத்தான் அவருக்கு மூச்சே வரும்."

அது நான் சொன்னது. ஒரு நோயாளி பிழைத்த அன்று, சோறு போட்டுக்கொண்டே அவளிடம் பெருமையாகச் சொன்னது. பையில் மூத்திரம் இறங்கினால்தான் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று அர்த்தம். சிறுநீரகப் பாடம் மண்டையில் ஏறாத பிள்ளைகளுக்குக்கூட அந்த வசனத்தில் புரிந்துவிட்டதாம்.

"எம்மா, ஒன் வேலைய நெனச்சு ஒனக்கே வெக்கமா?" என்று மட்டும் கேட்டாள் என் மகள்.

பஸ்ஸில் சிரித்தவர்கள் மேல் இன்னும் கோபம்தான். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாத டீச்சர் மேலும் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பை நம்பி என் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்காமல் போனேனே, அந்தக் கோபம்தான் வார்டில் ஒவ்வொரு பையைத் தூக்கும்போதும் திரும்ப வருகிறது.

கிழிந்த பையை அன்றைக்கே தைத்துக் கொடுத்தேன். மறுநாள் அதை வேறொரு பிள்ளை மாட்டிக்கொண்டு நடித்தாள். என் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை.