அடங்காத சடசடப்பு

ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் என் மகள் ஏதோ வீடியோவைப் பார்த்துக் கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சுகிறாள். அந்தப் பச்சை வாசனை என்னைப் பொன்மலையில் இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போகிறது. அங்கே ஞாயிறுதோறும், பட்டறை இரைச்சலில் காது மந்தமாகிப்போன அப்பா, நகமெல்லாம் கறுத்துப்போக இலையை இடித்துப் பிழிந்து, தேங்காயெண்ணெயில் ஊற்றி, என் தலைமுடிக்காக விறகடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். சாற்றின் ஈரம் முழுக்க வற்றினால்தான் எண்ணெயின் சடசடப்பு அடங்கும், அது அவருக்குக் கேட்காது என்பதால், "நின்னுடுச்சாம்மா?" என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரு ஞாயிறு, விளையாடப் போகும் அவசரத்தில், சடசடவென்று பொரிந்துகொண்டிருக்கும்போதே "நின்னுடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பத்து நாளில் பாட்டிலுக்குள் பூஞ்சணம் பூத்தது. "என் கைப்பக்குவம் போயிடுச்சும்மா. இனிமே கடையிலயே வாங்கிக்கலாம்" என்றார் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் அவர் எண்ணெய் காய்ச்சவே இல்லை.

"அம்மா, இறக்கிடவா?" என்கிறாள் மகள்.

"இரு, இன்னும் நிக்கல" என்கிறேன், நாற்பது வருஷம் தாமதமாக.