முழங்காலில் முட்டிய கைப்பிடி

மனைவி காலமான பின், சாய்ந்தபடி ஓட்டும் சைக்கிள் ஒன்றை வாங்கி, மெர்சிங் சாலையில் காலைதோறும் சென்று வந்தேன். கழுத்து வலித்ததால் தலைசாய்மானத்தை உயர்த்தினேன். தோள் நோகாதிருக்கக் கைப்பிடிகளை உடலுக்கு நெருக்கமாகப் பொருத்தினேன். வீட்டு வாசலில் நிறுத்தி உட்கார்ந்து பார்த்தபோது மிகவும் சுகமாக இருந்தது. கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் செம்பனைத் தோட்டத்தருகே சாலை இடப்பக்கம் வளைந்தது; எதிரே லாரி வந்தது. திருப்பிய கைப்பிடி முழங்காலில் முட்டி நின்றுவிட, நேராக லாரியை நோக்கிச் சென்றேன். ஓராண்டாக உயிரைப் பெரிதாக எண்ணாதவன் நான். ஆனால் என் கைகள் என்னைக் கேளாமலே பிரேக்கை இறுகப் பற்றின. லாரியும் ஒரு முழத் தொலைவில் நின்றது.

"அலமாக்! என்னா சார், படுத்துக்கிட்டே போய்ச் சேரப் பாத்தீங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டார் லாரி ஓட்டுநர்.

"இல்லைங்க, கைப்பிடி திரும்பல," என்றேன். பிரேக்கைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். பிழைத்திருக்க என் உடல் காட்டிய முனைப்பை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

இப்போது சைக்கிளில் எதை மாற்றினாலும், வீட்டு முற்றத்தில் வட்டமடித்து, இருபுறமும் தடையின்றித் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே சாலையில் இறங்குகிறேன். என்னைக் காத்த கைகளுக்கு அவ்வளவாவது செய்ய வேண்டும்.