டிரைவர் வீட்டுக் கதவு

என் வீட்டுக்காரருக்குத் தொழில், பல் செட் செய்வது. பல் டாக்டர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஆளாளுக்கு என் முன்னால் வந்து வாயைப் பிளந்து காட்டுவார்கள். கீழே டாக்டர் அளவெடுத்து, பிளாஸ்டரில் அச்சு வார்த்து மாடிக்கு அனுப்புவார். மாடியில் இவர் அந்த அச்சின் மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒழுங்காகக் கடிக்கிறதா என்று நடுவில் நீலத்தாள் வைத்துப் பார்ப்பார். நீலம் அதிகமாக ஒட்டிய இடத்தை ராவுவார். இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. மாடிக்கு வாய் மட்டும்தான் வரும், முகம் வராது. அச்சின் அடியில் ஒரு நம்பர் இருக்கும், அவ்வளவுதான்.

மனுஷன் சும்மா இருப்பாரா? நம்பருக்கெல்லாம் முகம் வைத்துக்கொள்வார். "நூத்திப் பதினேழு ரிட்டயர்டு வாத்தியார்மா. மிச்சமிருந்த ரெண்டு பல்லும் தேஞ்சிருக்கு. கோபத்தை உள்ளயே வச்சுக் கடிச்சவர்" என்று சாப்பிடும்போது சொல்வார். அந்த நூற்றுப் பதினேழு ஒருநாள் நன்றி சொல்ல மாடியேறி வந்தது. வாத்தியாரும் இல்லை, ஆம்பளையும் இல்லை. மீன் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு அம்மா! சிரித்தால் மாடிப்படி அதிரும் என்றார். செட் கனகச்சிதமாக உட்கார்ந்திருந்ததாம். ஆனாலும் இவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எதையோ தொலைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இதே புத்திதான் டி.வி. சீரியலிலும். பெரிய வீடு, சொத்துச் சண்டை, காணாமல் போன குழந்தை, ஆயிரத்துச் சொச்சம் எபிசோடு. அதில் ஒரு டிரைவர். காரின் கதவைத் திறந்துவிட்டு நிற்பார். அத்தனை எபிசோடிலும் அவர் வாயிலிருந்து வந்தது மொத்தம் நாலே வார்த்தை, அதிலும் இரண்டு "சரிங்கய்யா". இவர் ஒருநாள் கேட்டார்: "இந்த ஆளுக்கு வீடு வாசல் கிடையாதா? எங்க போய்ச் சாப்பிடறார்?"

எனக்குத் தெரியுமா? போய் அந்த டைரக்டரைக் கேளுங்கள் என்றேன். வேறு ஊரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் லீவுக்கு வந்திருந்தாள். அவள்தான் கிளப்பிவிட்டாள். "அப்பா, இதுக்குப் பேரு ஃபேன் ஃபிக்ஷன். பிடிச்ச கதையில வர்றவங்களை வச்சு நீங்களே மேல எழுதலாம்" என்று இவர் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டாள். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் டிரைவர் கதை தட்டுவார். முப்பத்தெட்டு அத்தியாயம். முப்பத்தோரு பேர் படிக்கிறார்கள் என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் ஒரு வரி படித்ததில்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுப்பவள் நான். குழாயில் காற்று வருகிறது, புழு வருகிறது என்று நாள் முழுக்க ஊரே என் காதில் கத்தும். வீட்டுக்கு வந்து இல்லாத டிரைவரின் கஷ்டத்தையும் கேட்க வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

சீரியல் முடியும்போது தன் கதையையும் முப்பத்தொன்பதோடு முடிப்பதாக இவர் வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வந்தது கடைசி எபிசோடு. இருபது வருடத்துக்கு முன் குழந்தையைத் தூக்கியது யார் என்று வீடே கூடி நிற்கிறது. டிரைவர் முன்னால் வந்து, "நான்தாங்கய்யா" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். சுபம் போட்டுவிட்டார்கள்.

நான் சிரித்துத் தொலைத்தேன். "உங்க ஆளு நல்லாக் கிழிச்சாரு!" என்றும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் இவர் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், டி.வி.யில் சோப்பு விளம்பரம் ஓடுகிறது. சிரித்திருக்கக் கூடாது. இப்போதும் அது என்னை உறுத்துகிறது.

அடுத்த ஞாயிறு மேசையில் உட்கார்ந்தார், ஒரு வரி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "மூணு வருஷமா நான் எழுதின ஆளு யாரும்மா?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டால்? "ஒரு வரி எழுதினா உடனே, நீ சொல்றது பொய்னு உள்ளேருந்து ஒருத்தன் சொல்றான்" என்றார். போனில், கதைக்குக் கீழே எவனோ எழுதியிருந்தான்: "பாவம், திருடனுக்கு மூணு வருஷம் பாராட்டு விழா நடத்தியிருக்கார். சொந்தமா ஒரு ஆளை உண்டாக்கத் தெரியாதவங்க கதி இதுதான்." அதை எனக்கு வாசித்துக் காட்டி, "சரியாத்தானே சொல்றான்?" என்றார். அவன் பல்லைப் பேர்த்தால் தேவலை என்றிருந்தது, அதற்கும் இவர்தான் செட் செய்ய வேண்டியிருக்கும். வேலையிலும் ஒரே செட்டுக்கு நாலு தடவை நீலத்தாள் வைத்துப் பார்ப்பதாக அவரே சொன்னார். சரியாகக் கடிக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லையாம்.

ஐந்தாவது வாரம் மகள் எனக்குப் போன் செய்தாள். "அப்பா மொத்தக் கதையையும் டெலீட் பண்றது எப்படின்னு கேக்கறார். இந்த ஞாயித்துக்கிழமை பண்ணிடுவாராம். அம்மா, நீதான் ஏதாவது செய்யணும்."

"நான் என்னடி செய்யறது? குழாய் உடைஞ்சா ஆள் அனுப்பலாம். இதுக்கு யாரை அனுப்ப?"

"முதல்ல படி" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை, அவருக்கு வேலை. என் போனில் இரண்டு அத்தியாயம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆறாவது அத்தியாயத்தில் டிரைவருக்கு ஒரு பெண்டாட்டி வந்தாள். சீரியலில் அப்படி ஒருத்தியே கிடையாது. பஸ் நிலைய விசாரணை கவுன்ட்டரில் வேலையாம். மூக்கு மேல் கோபம். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுவாள். திட்டாமல் ஒரு தட்டு வைக்கமாட்டாள். அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னேன். பதினான்காவது அத்தியாயத்தில் இருந்தது இது: புருஷன் வர நேரமானால் அவள் கோபத்தில் கதவைத் தாழ் போடுவாள். போட்டுவிட்டு, முதல் தட்டிலேயே திறக்கும்படி அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பாள்.

இது யாருக்குமே தெரியாது என்று நினைத்திருந்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, எழுந்து போய் அணைக்கத் தோன்றவில்லை. முப்பத்தோரு பேர் முன்னால் என்னை நிறுத்திவிட்டாரே என்று ஆத்திரமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

ஞாயிறு காலை அவர் போனோடு மேசையில் உட்கார்ந்ததும் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, நான் கதவுக்குப் பின்னாடி நிக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

திருட்டுமுழி முழித்தார். "கதவுக்குக் கீழ ரெண்டு காலோட நிழல் தெரியும்மா."

"எத்தனை வருஷமா?"

"இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிக்கமாட்டே."

நான் எதற்குச் சண்டை பிடிக்க வந்தேன் என்பதே மறந்துபோனது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். "இதை டெலீட் பண்ணினா அவளும்தானே போவா?"

"என்னம்மா பண்றது? நான் நினைச்ச ஆளு அவர் இல்லையே. எல்லாம் தப்பாப் போச்சே."

"நூத்திப் பதினேழு கூடத்தான் வாத்தியார் இல்ல. செட்டு உக்காந்துதா, இல்லையா?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

எனக்கே தெரியாது, வேகத்தில் வந்துவிட்டது. ஆனால் அவர் விரலைப் போனிலிருந்து எடுத்துவிட்டார். அதுவே போதும் என்று நான் பிடித்துக்கொண்டேன். "சரி, கேட்டைத் தாண்டிப் போனாரே, அப்புறம் எங்க போனார்?"

"காட்டலையே."

"வீட்டுக்குத்தான் போயிருப்பார். வேற போக்கிடம் ஏது? வீட்ல அவ இருக்கா. இருபது வருஷம் அவளுக்குத் தெரியாம ஒரு மனுஷன் இதை வச்சிருக்க முடியுமா? நடக்கற காரியமா?"

சொல்லி முடித்த பிறகுதான், இத்தனை வருஷமாக இவர் எனக்குத் தெரியாமல் வைத்திருந்த அந்த நிழல் ஞாபகம் வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ என்ன கேப்பா?" என்றார் மெதுவாக.

"முதல்ல சாப்டீங்களான்னு கேப்பா. அப்புறம் செருப்பு பிஞ்சிடும்."

"எந்தச் செருப்பு? அவளோடதா, அவரோடதா?"

"போங்க, நீங்களும் உங்க டிரைவரும்!" என்று எழுந்து வந்துவிட்டேன். அடுப்படியில் நின்று காதைக் கொடுத்தேன். அப்புறம் ஒற்றை விரல் தட்டும் சத்தம் கேட்டது.

நாலு மணிக்குப் போட்டார், முப்பத்தொன்பது. முதல் ஆளாக நான்தான் படித்தேன். பெரிய வீட்டுக் கேட்டைத் தாண்டிய டிரைவர் நடந்தே வீட்டுக்கு வருகிறார். செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது. கதவு தாழ் போட்டிருக்கிறது. கீழே இரண்டு காலின் நிழல். தட்டினால் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும், என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. தட்டாமல் நிற்கிறார். நிழலும் நகரவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

"என்னங்க இது அநியாயம்? நிஜமாவே தூக்கினாரா, யாருக்காகவாவது பழியை ஏத்துக்கிட்டாரா?"

"தெரியலம்மா. எழுதினா தெரிஞ்சிடும்னு நினைச்சேன், தெரியல" என்றார். முகம் தெளிவாக இருந்தது. ஐந்து வாரக் குழப்பத்தை அப்படியே என் தலையில் இறக்கி வைத்துவிட்டார் மகராசன்.

"அவ கதவைத் திறந்தாளா?"

"அதை நீதான் சொல்லணும்."

ஒரு வாரமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. குழாயில் சேறு வருகிறது என்று ஒருவர் கத்துகிறார், நான் திறந்திருப்பேனா மாட்டேனா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை இவர் வேலை முடிந்து வர ஏழரை ஆனது. போன் கூடச் செய்யவில்லை. கடுப்பில் தாழைப் போட்டேன். போட்டுவிட்டு வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். குனிந்து என் காலைப் பார்த்தேன். நகரலாமா என்று நினைத்தேன், நகரவில்லை.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்து வாசலில் நின்றது. தட்டவில்லை. நானும் அசையவில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றோமோ தெரியாது.

"தட்டித் தொலைங்களேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

வெளியே அவர் சிரித்தார். தட்டவே இல்லை, நான்தான் திறந்தேன். "சாப்டீங்களா?" என்று கேட்டேன்.