அவர் கோபாலா என்று சொல்லவில்லை

வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரேணுகாம்பாளிடம் மனு எழுதப் போனால், ஒரு பக்க மனுவுக்கு அரை மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும். தட்டச்சு செய்ய அவருக்குப் பத்து நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் கேள்விதான். "கிணறு யாரு பேர்ல இருக்குது? உங்க அண்ணன் ஏன் கையெழுத்துப் போடல? எப்பத்துல இருந்து பேச்சுவார்த்தை இல்ல?" மனுவுக்குத் தேவையானதும் இருக்கும், தேவையில்லாததும் இருக்கும். பட்டா மாறுதலுக்காகப் போன நான், என் மாமனார் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட கதைவரை சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஏன் இதையெல்லாம் கேட்கிறீர்கள் என்றால், "தெரிஞ்சிக்கலாம்னுதான்" என்பார். அதில் வம்பு கிடையாது. கேட்டதை இன்னொருவரிடம் சொல்லவும் மாட்டார்.

ஏழு வருடத்துக்கு முன் கவிநிலா என்ற பெண் அவரிடம் ஒரு மனுவோடு வந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கடை நடத்துபவர். அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆள் இல்லாமல் கிடக்கும் நோயாளிகளின் பக்கத்தில் முறைபோட்டு உட்கார அனுமதி வேண்டும் என்பது மனு. ரேணுகாம்பாள் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"எந்தக் கோயில் டிரஸ்ட்டுங்க?"

"கோயில் எதுவும் இல்லைங்கக்கா."

"சர்ச்சா?"

"இல்லைங்க."

"அப்ப கட்சி."

"கட்சியும் இல்ல. நாங்க பதினஞ்சு பேரு. முக்காவாசிப் பேருக்கு சாமி நம்பிக்கை கிடையாது. மனுசனுக்கு மனுசன் செய்யணும், அவ்ளோதான்."

"சாமியும் இல்ல, ஓட்டும் இல்ல. அப்ப உங்களுக்கு இன்னாதான் கிடைக்குது?"

கவிநிலா சிரித்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை எங்க கடை மாடிக்கு வந்து நீங்களே பாருங்களேன்."

எங்கேயோ ஒரு முடிச்சு இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் போனேன் என்று ரேணுகாம்பாள் சொல்வார். மூன்று ஞாயிறு போனார். வியாழக்கிழமை யார் உட்காருவது என்று சண்டை போட்டார்கள். செத்தபின் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதைப் பற்றி வாதம் செய்தார்கள். டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். முடிச்சு அகப்படவில்லை. நாலாவது ஞாயிறு, முறைப் பட்டியலில் வியாழக்கிழமைக்கு நேராக அவர் பெயரே எழுதியிருந்தது.

படவேட்டு அம்மன் பெயரை வைத்து, அந்தக் கோயிலில் மூன்று முறை மொட்டை போட்டு வளர்க்கப்பட்டவர் அவர். நம்பிக்கை போனதற்குக் காரணமாக ஒரு சாவோ நோயோ இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். "ஒண்ணும் நடக்கல. கேட்டுக்கினே வந்தேன், ஒரு இடத்துல பதில் நின்னுபோச்சு" என்றார். கணவர் பிரகாஷ் ஆட்டோ ஓட்டுகிறார், பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். இருவருக்கும் இதில் சண்டை இல்லை. "நீ கேள்வி கேளு, நான் சுத்திட்டு வந்துடறேன்" என்பார் பிரகாஷ்.

நான் சொல்ல வந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம் மாசி மாதம் நடந்தது.

கிரிவலப் பாதையில் விழுந்து கிடந்த ஒரு முதியவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து ஆண்கள் வார்டில் சேர்த்தார்கள். காவி வேட்டி, எழுபது வயது இருக்கும், பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பையில் ஒரு அலுமினியக் குவளையும் இரண்டு துண்டுகளும் தவிர எதுவும் இல்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கோபாலா, கோபாலான்னே சொல்லிக்கினு இருக்காரு. என்ன பக்தி பாருங்க" என்றார் நர்ஸ். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தன் கணவருக்குக் கஞ்சி ஊற்றினாள்.

அவரைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றிவிட்டவர் ஜியாவுல்லா. மெத்தைக் கடைக்காரர், ஐந்து வேளை தொழுகிறவர், கவிநிலாவின் கூட்டத்தில் நம்பிக்கை உள்ள சிலரில் ஒருவர். வடக்கத்தியவராக இருக்கும் என்று, தனக்குத் தெரிந்த உருதுவில் பேசிப் பார்த்தார். முதியவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

வியாழக்கிழமை ரேணுகாம்பாளின் முறை. இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனபோது முதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார். மறுபடி கொடுத்தார். மறுபடியும் அதே சொல், இந்தமுறை கொஞ்சம் கோபமாக. தட்டை எடுத்து வைத்ததும் பேசாமல் இருந்தார். சாயங்காலம் ரசம் சாதம் வந்தது. தட்டைப் பார்த்தவுடனேயே சொன்னார்.

"ஜியா பாய், இவரு சாமி பேரைச் சோறு வரும்போது மட்டும் சொல்றாரு, கவனிச்சீங்களா?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்ற பழக்கம் இருக்கும்மா. நாங்க பிஸ்மில்லா சொல்றமே, அந்த மாதிரி."

"சொல்லிட்டுச் சாப்பிடணுமே. தள்ளிவிடறாரே. அது இல்லாம, எனக்குக் 'கோ'ன்னு கேக்கல. 'பொ'ன்னு கேக்குது."

ரேணுகாம்பாள் அந்தச் சொல்லைப் போனில் பதிவு செய்துகொண்டார். வீட்டில் பிரகாஷுக்குப் போட்டுக் காட்டினார்.

"கோபாலான்னுதான் சொல்றாரு. உனக்கு சாமி பேருன்னாலே காது கேக்காது" என்றார் பிரகாஷ்.

ஆனாலும் அடுத்த மூன்று நாளும் சாயங்காலங்களில் அவர்தான் ஆட்டோவில் செங்கம் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். ஆசிரமத்தைச் சுற்றி வாடகை அறைகளிலும் காபிக் கடைகளிலும் இல்லாத மொழி இல்லை. மராட்டிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு கோபாலன் என்றார். வங்காளத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பாட்டு டீச்சரும் அதையே சொல்லி, கோபாலன் மேல் ஒரு பாட்டும் பாடினார். வெள்ளைக்காரர் ஒருவர் போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடியவர் ஐந்து நிமிடம் திறக்கவேயில்லை. போனைத் திரும்ப வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது.

"சொன்னேனா இல்லையா?" என்றார் பிரகாஷ்.

"எல்லாரும் காவியைப் பாத்துட்டுக் கேக்கறாங்க. நான் முதல்ல சாமியாரு ஒருத்தருன்னு சொல்லிட்டுத்தான் போட்டுக் காட்றேன். அது தப்பு."

அடுத்த நாளிலிருந்து யார் என்று சொல்லாமல் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். சனிக்கிழமை ஒரு பெண் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். பெயர் மினதி. கடைக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கும் புது வீடுகளில் கலவை சுமப்பவள். ஒடிசாவிலிருந்து கணவனோடு வந்து நாலு வருடம் ஆகிறது, தமிழ் ஓரளவு பேசுவாள். ரேணுகாம்பாள் அவளுக்கும் போட்டுக் காட்டினார்.

மினதி சிரித்துவிட்டாள். "யாருக்குக்கா பசி?"

"என்னம்மா சொல்ற?"

"பொகாளொ. சோறுக்கா. ராத்திரி தண்ணி ஊத்தி வெச்சி, காலைல சாப்பிடறது. உப்பு, வெங்காயம். எங்க ஊர்ல வெயில் வந்தா எல்லா வீட்லயும் அதுதான்."

"பழையதா?"

"ஆமா, பழையது."

ரேணுகாம்பாள் கடையைப் பாதியிலேயே சாத்திவிட்டார். பத்து நாளுக்கு மேலாக அந்த மனிதர் பாலை மட்டும் குடித்துக்கொண்டு பழைய சோறு கேட்டுக்கொண்டிருக்கிறார், நாம் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்ததும் முதலில் சிரிப்பு வந்ததாம். வீடு போய்ச் சேர்வதற்குள் அது அழுகையாகிவிட்டதாம். அன்றைக்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

காலையில் மினதியையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனபோது நர்ஸ், "விழுங்கறதுக்குக் கஷ்டப்படுவாரு. நல்லாக் கரைச்சு, நிமிர்த்தி உக்கார வெச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க" என்றார். ஜியாவுல்லா முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். முதல் கரண்டி உள்ளே போனதும் முதியவர் கண்ணை மூடினார். இரண்டாவது கரண்டிக்குத் தானே வாயைத் திறந்தார். கிண்ணம் காலியானபின் மினதி அவர் பக்கத்தில் குனிந்து, "மவுசா" என்று கூப்பிட்டாள். மாமா என்பது போல ஒரு முறை. தன் மொழியில் என்னவோ கேட்டாள். முதியவர் அவள் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

அவரால் பேச முடியாதே தவிர, சொல்வது புரிந்தது. மினதி ஒடிசாவின் மாவட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கஞ்சம் என்றதும் கை உயர்ந்தது. பிறகு ஊர்களைச் சொன்னாள். ஆஸ்கா என்றதும் மறுபடி உயர்ந்தது. அவர் படத்தைத் தன் ஊர் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் இரண்டு நாளில் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்றாள்.

அன்றைக்கு ஞாயிறு. மருந்துக் கடை மாடியில் பெரிய வாதம். "அவரு வீட்டை விட்டு வந்தது அவரு முடிவுக்கா. படுத்துட்டாருன்னு நாம அதை மாத்தலாமா?" என்று கேட்டார் கவிநிலா. வீட்டில் ஒருத்தி இன்னும் தேடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். ஜியாவுல்லா இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

"எதுக்கு இவ்ளோ பேச்சு? அவருக்கு வாய்தான் போச்சு, மனசு இருக்குதே. கேட்டுடலாம்" என்றார் ரேணுகாம்பாள்.

கேட்டார்கள். வேண்டுமென்றால் கையை உயர்த்துங்கள், வேண்டாம் என்றால் மூடுங்கள் என்றாள் மினதி. கை உயரவும் இல்லை, மூடவும் இல்லை. முதியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கூட்டமும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மூன்று நாள் போனது. நாலாவது நாள் மினதி கிளம்பும்போது அவர் அவள் போனைப் பிடித்து இழுத்து, தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார்.

படம் போன இரண்டாம் நாள் ஒரு வீடியோ அழைப்பு வந்தது. திரையில் முழுக்க நரைத்த ஒரு அம்மாள். முதியவரைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தாள். மினதியால் மொழிபெயர்க்க முடியாத வேகம். திட்டி முடித்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அவருடைய தங்கை, பெயர் கேதகி. இவர் பெயர் தண்டபாணி சாஹு. வீட்டை விட்டு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

"தண்டபாணியா! நம்ம ஊரு முருகன் பேரு" என்று நர்ஸுக்குக் குஷி தாங்கவில்லை. பிரகாஷ் கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்து கொடுத்தார். தண்டபாணி அதை நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். இடது கையால் பூசியதில் புருவத்தில் சிந்தியதைத் துடைத்துவிட்டவர் ரேணுகாம்பாள்.

வீட்டுக்கு வரச்சொல்லித் தங்கை கூப்பிட்டபோது மட்டும் அவர் கையை இறுக்கமாக மூடினார். ஆகவே மருத்துவமனையிலிருந்து அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். கவிநிலா தினம் ஆள் ஏற்பாடு செய்து உடற்பயிற்சி செய்ய வைத்தார். நாலு மாதத்தில் ஊன்றுகோல் பிடித்து நடந்தார். சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ஆடி மாதம் கேதகி மகனோடு ரயிலேறி வந்துவிட்டாள். நாலு நாள் தங்கினாள். ஊருக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனுக்குத் தலை சீவிவிட்டாள், முற்றத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், மூட்டு வலியால் எழுந்திருக்க முடியாமல் தூணைப் பிடித்து எழுந்தாள். ஐந்தாம் நாள் அவர்களை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போக பிரகாஷ் வந்தபோது, தண்டபாணி தன் குவளையையும் துண்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் ரேணுகாம்பாள் மினதியையும் இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினார். வழியனுப்ப மட்டும் ஓடவில்லை, கேட்கவும்தான்.

"இத்தனை நாள் மாட்டேன்னீங்களே. இப்ப ஏன் மனசு மாறிச்சு?"

தண்டபாணி மெல்ல மெல்லச் சொன்னார். மினதி கேட்டுக்கொண்டே தமிழில் சொன்னாள். "நான் வரும்போது இவ கறுப்பு முடியோட இருந்தா. வீட்ல எல்லாரும் அப்படியே இருப்பாங்கன்னு நினைச்சிட்டேன். அவங்களுக்கும் வயசாவும்னு எனக்குத் தோணவே இல்ல."

இருபத்தாறு வருடத்துக்கு முன் எதற்காகக் கிளம்பினீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்பதற்குள் வண்டி வந்துவிட்டது. அந்த வருத்தம் ரேணுகாம்பாளுக்கு இன்னமும் உண்டு.

மினதி இப்போது ஞாயிறுகளில் மருந்துக் கடை மாடிக்கு வருகிறாள். ஜகந்நாதர் படத்தைப் போனில் வைத்துக்கொண்டே வருகிறாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சாரத்திலிருந்து விழுந்து வரும் வடக்கத்தித் தொழிலாளர்களுக்கு வார்டில் அவள்தான் வாய்.

கேதகி மாதம் ஒருமுறை ரேணுகாம்பாளை வீடியோவில் கூப்பிடுகிறாள். போன வாரம் நான் கடையில் இருந்தபோதும் அழைப்பு வந்தது. மினதி பக்கத்தில் இல்லை. அந்த அம்மாள் ஒடியாவில் பேச, இவர் தமிழில் கேள்வி கேட்க, பத்து நிமிடம் போனது. நடுவில் தண்டபாணி வந்து கையை ஆட்டிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னாங்க? உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"பேச்சு புரியல. மாடு கன்னு போட்டிருக்குது. காமிச்சாங்க. கிடாரிக் கன்னா காளைக் கன்னான்னு நாலு தடவை கேட்டேன், அதுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மினதி வேலை செய்யும் கட்டடத்தை நோக்கி நடந்தார்.