நெடுந்தீவிலிருந்து புளியங்கூடலுக்கு ஒரு கம்பளம்

தீவுப்பகுதிக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், கடல் குளிக்கப் போவார்கள், நெடுந்தீவுக் குதிரைகளைப் படம் பிடிக்கப் போவார்கள். போன மாதம் நான் அங்கே நாயாய் அலைந்தது ஒரு கம்பளத்துக்காக. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். வீட்டுக்குத் தரைவிரிப்பு வாங்க நினைப்பவர்களுக்கும், நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்கும் ஏதாவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

காரணம் அம்மா. அவர் புளியங்கூடலில் தனியாக இருக்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி போன வருடம் வீட்டின் பழைய சீமெந்துத் தரையை உடைத்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் பதிப்பித்தான். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் ஏறுமுன் கால் கழுவுவது வழக்கம். ஈரக்காலும் அந்தத் தரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அம்மா ஹோலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்து, திங்கட்கிழமை வீட்டுக்கு விடுவதாகச் சொன்னார்கள். நான் கொழும்பிலிருந்து ரயிலில் வியாழன் மாலை போய்ச் சேர்ந்தேன். இன்னொரு முறை விழுந்தால் எழும்பி நடப்பது சந்தேகம் என்று வைத்தியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அம்மாவை நடக்கப் பழக்கிய பெண் இன்னும் விளக்கமாகச் சொன்னார். சின்னக் கால்மிதிகளையெல்லாம் தூக்கி எறிய வேண்டும், அவைதான் ஆளை விழுத்துமாம். போடுவதென்றால் பெரிதாக, பாரமாக, தட்டையாக ஒன்று போட வேண்டும். ஓரம் சுருளக்கூடாது, பிடித்து நடக்கும் வோக்கரின் கால் சிக்கக்கூடாது. அன்று எனக்கு நித்திரையே இல்லை. கண்ணை மூடினால் அந்த வெள்ளைத் தரைதான்.

வெள்ளிக்கிழமை காலை ஹோலை அளந்தேன். பன்னிரண்டு அடிக்குப் பதினான்கு. அம்மாவின் அறைக் கதவிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் பதின்மூன்று அடி. இந்த அளவை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள். அறையின் அளவு வேறு, ஆள் நடக்கும் பாதையின் அளவு வேறு. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். எங்கள் அறைக் கதவு ஹோலுக்குள் திறக்கும், அதற்கு இரண்டடி விட்டாக வேண்டும்.

எட்டேகாலுக்குப் பஸ். அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைப் பாலம் ஏறி, ஒன்பதரைக்கு யாழ்ப்பாணம். நான்கு கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் சடைநாய் போலப் புசுபுசுவென்று ஒன்றைக் காட்டினார்கள். வோக்கர் அதில் புதைந்துவிடும். இரண்டாவதில் ஐந்துக்கு ஏழு, இருபத்தெட்டாயிரம். விரித்த உடனேயே நாலு மூலையும் மேலே எழும்பி என்னைப் பார்த்தன. நாலு நாள் போனால் படியும் என்றார் கடைக்காரர். எனக்கு மூன்று நாள்தான் இருந்தது. மூன்றாவதில் அடிப்பக்கம் பசை பூசிய விரிப்பு. நகத்தால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது. கடற்காற்றில் இது ஒரு மாரிக்குத் தாங்காது. நான்காவது கடையில் நல்லது இருந்தது, ஒரு லட்சத்து நாற்பதாயிரம். விலையைக் கேட்டுவிட்டு, அடியில் போடும் றப்பர் வலையை மட்டும் நாலாயிரத்து இருநூறுக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கம்பளம் இல்லாமல் கம்பளத்துக்கு அடியில் போடுவதை வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸைத் தவறவிட்டு, நாரந்தனை அன்ரன் அண்ணையின் ஓட்டோவில் ஏறினேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். வழி முழுக்க என் புலம்பலைக் கேட்டுவிட்டு, தன் மனைவியின் தங்கை நெடுந்தீவில் இருக்கிறா, குவைத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தவ, வரும்போது பெரிய காப்பெற் ஒன்று கொண்டுவந்தவ என்றார். விற்பாவா என்று கேட்டேன். கேட்டுப் பார்த்தால்தானே தெரியும் என்றார். வீட்டு வாசலில் நின்றபடியே போன் பண்ணவைத்தேன். வந்து பார்க்கச் சொன்னாவாம்.

சனிக்கிழமை ஆறரைக்கு அவரின் ஓட்டோவில் புறப்பட்டோம். வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஓட்டோவின் மீற்றரில் இருபத்தொரு கிலோமீற்றர். போகவர, காத்திருக்கச் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு. துறையில் நயினாதீவுக்குப் போகும் வரிசை நீளமாக, பூத்தட்டும் பட்டுச்சேலையுமாக நின்றது. நெடுந்தீவுப் பக்கம் அரிசி மூட்டை, கோழித்தீவனம், ஒரு தையல் மெசின். எட்டு மணிப் படகு எட்டு இருபதுக்கு வெளிக்கிட்டது. ஒரு மணி நேரப் பயணம். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள், நான் படகின் தளத்தைப் பார்த்தேன். அது ஈரமாக இருந்தது. கம்பளத்தை இதில் எப்படிக் கொண்டு வருவது?

இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்தார்கள். குதிரை, கோட்டை, பெருக்குமரம் எல்லாம் காட்ட மூவாயிரம். எனக்கு எதுவும் காட்ட வேண்டாம், ஒரு வீட்டுக்குப் போனால் போதும் என்றேன். அந்த இளைஞன் மனமுடைந்து போனான். ஆனாலும் குதிரைகள் நிற்கும் வழியாகவே கொண்டுபோனான். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவற்றைக் கவனிக்கவில்லை.

அன்ரன் அண்ணை சொன்ன றோசலின் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கற்சுவர் வேலிக்குள் சின்ன வீடு, முற்றத்தில் இரண்டு மாடு. கம்பளம் கட்டிலுக்கு அடியில், பொலித்தீனில் சுற்றி, வேப்பிலை போட்டுக் கிடந்தது. கொண்டுவந்து ஆறு வருடமாம். ஒருநாள் கூட விரிக்கவில்லையாம். விரித்தால் கட்டில் வைக்க இடமில்லை என்று சிரித்தார். இரண்டு பேருமாக இழுத்து முற்றத்துப் பாயில் விரித்தோம். எட்டுக்குப் பதினொன்று, அடர்ந்த சிவப்பில் பூ வேலை, ஓரத்தில் நீலக்கோடு. நான்கு மூலையும் தரையோடு படிந்து கிடந்தன.

நான் தலையாட்டி வாங்கியிருப்பேன். அவர் விடவில்லை. சும்மா நம்பி வாங்காதேங்கோ என்று மூலையைத் திருப்பிக் காட்டினார். மேலே தெரியும் பூ, கீழேயும் தெளிவாகத் தெரிய வேண்டும். பெருவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழாமல் நிமிர வேண்டும். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துக் காட்டினார், சாயம் ஒட்டவில்லை. பிறகு ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து நெருப்புக்குச்சியில் கொளுத்தினார். மயிர் கருகிய மணம் வந்தது, சாம்பல் விரலுக்குள் பொடியானது. பிளாஸ்ரிக் என்றால் உருகி மணி போல உருண்டு நிற்குமாம்.

"கையால நெய்ததெண்டு பொய் சொல்லமாட்டன். மெசின்தான். ஆனா கம்பளி. ஒன்பது வருசம் முழங்காலில நிண்டு துடைச்சனான், எனக்குத் தெரியாதே?" என்றார்.

வேலை செய்த வீட்டு அம்மா புதிது வாங்கியபோது இதை அவருக்குக் கொடுத்தாராம். அறுபத்தையாயிரம் சொன்னார். பேரம் பேச நாக்கு எழவில்லை. மாடு ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவசரமாகவும் இருந்தது.

இருபத்தேழு கிலோ. ஓட்டோவின் மேலே கட்டித் துறைக்குக் கொண்டுபோக எண்ணூறு. படகில் ஏற்றி இறக்க முந்நூறு. இரண்டரைப் படகில் அலை கூடுதலாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் தெறிக்க, நான் அதன் மேல் குப்புறப் படுக்காத குறை. பக்கத்தில் இருந்த ஒருவர், உள்ளே என்ன, ஆளா என்று கேட்டார். பொலித்தீன் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததால் தப்பியது.

ஞாயிறு முழுவதும் விரிப்பதும் சுருட்டுவதுமாகப் போனது. றப்பர் வலையைக் கம்பளத்தைவிட நாலு புறமும் இரண்டு அங்குலம் குறைத்து வெட்டினேன். ஓரங்களுக்கு இருபக்கமும் ஒட்டும் பட்டி. அதன்மேல் ஓடிப் பார்த்தேன், சறுக்கிப் பார்த்தேன், அம்மாவைப் போல ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தேன். அசையவில்லை.

திங்கள் பதினொரு மணிக்கு அன்ரன் அண்ணை அம்மாவைக் கொண்டுவந்து இறக்கினார். அம்மா ஹோல் வாசலில் வோக்கரோடு நின்று பார்த்தார். வடிவாயிருக்கு என்றார். பிறகு அப்படியே திரும்பி, சுவரோரமாக, கம்பளத்தில் படாமல், பளபளக்கும் டைல்ஸில் நடக்கத் தொடங்கினார். அதில் நடக்கத்தானே வாங்கியது என்றேன்.

"உதில எப்பிடிப் பிள்ளை காலை வைக்கிறது? விலையான சாமான். மேல ஒரு பழைய பெட்சீற்றை விரி, நடக்கிறன்."

எங்கள் ஆட்களை நான் மறந்துவிட்டேன். புதுக் கதிரையின் பொலித்தீனைக் கழற்றமாட்டோம். ரீவிக்குத் துணி தைத்துப் போடுவோம். நல்ல சாமான் என்றால் அதைப் பார்க்க வேண்டும், தொடக்கூடாது. பெட்சீற் போட்டால் அதுவே வழுக்கி விழுத்தும் என்று கத்தினேன். அம்மா அசையவில்லை. குளியலறைக்கும் சுவரைப் பிடித்தபடி டைல்ஸில்தான் போனார். போகும்போதும் வரும்போதும் நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னால் போனேன். புதன்கிழமை நான் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். அதன்பிறகு யார் கை நீட்டுவது?

பின்னேரம் பொறுமை போய்விட்டது. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, முற்றத்து மண்ணோடு உள்ளே வந்து, கம்பளத்தின் மேல் ஏறி மிதித்தேன். செருப்போடு அந்த வீட்டுக்குள் அதுவரை ஒருவரும் வந்ததில்லை. கதிரையில் இருந்த அம்மா வோக்கரைப் பிடித்து எழும்பி நேரே என்னிடம் வந்தார்.

"உனக்கென்ன விசரே? கழற்றடி செருப்பை."

கழற்றினேன். அவர் நின்றது கம்பளத்தின் நடுவில். குனிந்து பார்த்தார். மண்ணைக் கூட்டச் சொல்லிவிட்டு மறுபடி சுவரோரம் ஒதுங்கிவிட்டார். நான் அழுதேன், கோபத்தில்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு. ஆள் நடக்கும் பாதையை அளந்துகொள்ளுங்கள். முதியவர்கள் இருந்தால் நூல் உயரமாக நிற்கும் கம்பளம் வேண்டாம். பசை பூசிய அடிப்பக்கம் கடலோர வீட்டுக்குச் சரிவராது. கால் கழுவும் வீடென்றால் வாசலில் தனியாக ஒரு துணி வையுங்கள், ஈரம் ஏறிய கம்பளி மணக்கும். நெடுந்தீவுப் படகு நேரம் காற்றுக்கு ஏற்ப மாறும், முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். குதிரைகளையும் பாருங்கள், நான் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்காக வாங்குகிறீர்களோ அவரிடம் முதலில் கேளுங்கள். நான் விலை கேட்டேன், நூல் எரிவதைப் பார்த்தேன், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செவ்வாய் காலை ஐந்து மணிக்கு முழித்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மாவின் கட்டில் முனகியது. வோக்கர் டைல்ஸில் டொக் என்றது. இன்னொரு டொக். பிறகு சத்தமே இல்லை. எண்ணிக்கொண்டு கிடந்தேன், ஐந்து, ஆறு, ஏழு. ஒன்றும் கேட்கவில்லை. விழுந்துவிட்டார் என்று எழும்பி, குறுக்காலே வெறுந்தரையில் ஓடினேன்.

அம்மா கம்பளத்தின் நடுவில், வோக்கரை எடுத்து வைத்து எடுத்து வைத்து, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏன் ஓடி வாறாய்? அது வழுக்கும், பிள்ளை. இதால வா."